பிலாத்துவுக்கே ஒரே ஒரு கல்தான்... தெரியுமா?

இயேசு என்று ஒருவர் நிஜமாகவே வாழ்ந்தாரா, இல்லை எல்லாம் கட்டுக்கதையா? இந்தக் கேள்வியை நெப்போலியன் கேட்டிருக்கிறார், தெரியுமா? 1808 அக்டோபர், ஜெர்மனியின் வைமார் நகரம். பாதி ஐரோப்பாவைக் கைக்குள் வைத்திருந்த சக்கரவர்த்தி, வீலாண்ட் என்ற வயதான கவிஞரோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சினிடையே, கிறிஸ்து வாழ்ந்தாரா என்பதுதானே பெரிய கேள்வி என்று போட்டுவிட்டார்!

பொறுங்கள், வேடிக்கை இனிமேல்தான். 19 வருஷம் கழித்து, 1827-ல், நெப்போலியன் என்று ஒருவர் பிறக்கவே இல்லை என்று ‘நிரூபித்து’ ஒரு சின்னப் புத்தகம் பிரான்ஸில் வெளிவந்தது! எழுதியவர் ழான் பாப்டிஸ்ட் பெரேஸ் என்ற நூலகர். அவருடைய வாதத்தைக் கேளுங்கள். நெப்போலியன் என்ற பெயருக்குள்ளேயே அப்போலோ ஒளிந்திருக்கிறான். அப்போலோ சூரிய தேவன். அப்போலோ பிறந்தது மத்தியதரைக் கடல் தீவு ஒன்றில். கார்சிகாவும் மத்தியதரைக் கடல் தீவுதான். தாயார் பெயர் லெட்டிசியா. லத்தீனில் மகிழ்ச்சி என்று அர்த்தம், ஆக அது விடியற்காலை. மூன்று சகோதரிகள் கிரேக்கக் கதையில் வரும் மூன்று அழகு தேவதைகள். நான்கு சகோதரர்கள் நான்கு பருவங்கள். நால்வரில் மூவர் மட்டும் ராஜா ஆனது ஏன்? வசந்தத்துக்குப் பூ உண்டு, கோடைக்குக் கதிர் உண்டு, இலையுதிர் காலத்துக்குக் கனி உண்டு; பனிக்காலம் எதை ஆளும்? பன்னிரண்டு மார்ஷல்கள் பன்னிரண்டு ராசிகள். கிழக்கே எகிப்தில் எழுந்தார், மேற்குக் கடலில் செயின்ட் ஹெலினாவில் அஸ்தமித்தார். வடக்கே ரஷ்யா வரை போனவர் ஏன் தோற்றுத் திரும்பினார்? உத்தராயணம் முடிந்தால் சூரியன் தெற்கே திரும்பத்தானே வேண்டும்!

சிரிப்பு வருகிறதல்லவா? பெரேஸ் குறிவைத்தது டூப்புயி என்ற பிரெஞ்சு அறிஞரை. இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும் சூரியனும் ராசிச் சக்கரமும்தான், மனிதர்களே அல்ல என்று 1795-ல் பல பாகங்களாக எழுதியவர் அவர். பெரேஸைவிடத் துணிச்சலான ஆள் இங்கிலாந்தில் இருந்தார். ரிச்சர்ட் வாட்லி, பிற்பாடு டப்ளின் நகரின் பேராயர் ஆனவர், நெப்போலியன் இருப்பதே சந்தேகம் என்று 1819-லேயே ஒரு கிண்டல் நூல் போட்டார். அப்போது நெப்போலியன் செயின்ட் ஹெலினாவில் உயிரோடு இருந்தார்! 1821-ல்தான் செத்தார்.

ஆனால் கேலி என்பது விடை ஆகிவிடாது. நெப்போலியன் எழுதிய கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இயேசு எழுதியது ஒரு வரிகூட இல்லை. சரி, அப்படியானால் கையில் என்னதான் இருக்கிறது?

முதலில் அவரைச் சிலுவைக்கு அனுப்பிய தேசாதிபதியைப் பார்ப்போம். பொந்தியு பிலாத்து, சுமார் பத்து ஆண்டு யூதேயாவை ஆண்டவர். ஞாயிறுதோறும் தேவாலயங்களில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது உச்சரிக்கப்படும் ஒரே ரோமானிய அதிகாரி பெயர் அவருடையது. அவருடைய அலுவலகக் கடிதம், உத்தரவு, கணக்கு ஒன்றாவது கிடைத்திருக்கிறதா? இல்லை! அவர் அடித்த வெண்கலக் காசுகள் கிடைக்கின்றன. அவற்றில்கூடத் திபேரியு சக்கரவர்த்தியின் பெயர்தான் இருக்கிறது. பிலாத்து காலத்திலேயே அவர் பெயரைப் பொறித்த கல்வெட்டு 1961 வரை உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

கிடைத்த விதம் இன்னும் ஆச்சரியம். இஸ்ரேலின் கடலோரம், செசரியா. தமிழ் வேதாகமத்தில் செசரியா பட்டணம் என்று வரும் அதே ஊர். இத்தாலியத் தொல்லியலாளர் அந்தோனியோ ஃப்ரோவாவின் குழு அங்கிருந்த ரோமானிய நாடக அரங்கைத் தோண்டியபோது, படிக்கட்டில் ஒரு படிக்கல்லில் எழுத்து தெரிந்தது. பழைய கட்டடத்துக் கல்லைப் பிற்காலத்தில் யாரோ எடுத்துவந்து படியாகப் போட்டிருக்கிறார்கள்! எத்தனை பேர் மிதித்து ஏறினார்களோ. 82 சென்டிமீட்டர் உயரம், 65 சென்டிமீட்டர் அகலம், சுண்ணாம்புக்கல். இடது பக்கம் சிதைந்துபோய்விட்டது. ஒரு வரியில் ‘...ந்தியுஸ் பிலாத்துஸ்’ என்றும், அதற்குக் கீழே ‘...எக்டுஸ்’ என்றும் மிச்சம். முழுச்சொல் ‘பிரெஃபெக்டுஸ்’. யூதேயாவின் தேசாதிபதிக்கு அந்தக் காலத்து உத்தியோகப் பெயர் அதுதான்.

அந்த ‘...எக்டுஸ்’ ஒரு பெரிய வரலாற்றாசிரியரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது, தெரியுமா? ரோமின் டாசிட்டஸ், கி.பி. 116 வாக்கில் எழுதிய நூலில், நீரோ காலத்துத் தீ விபத்தைச் சொல்லும்போது கிறிஸ்தவர்களைக் குறிப்பிடுகிறார். திபேரியு ஆட்சியில் பிலாத்துவால் தண்டிக்கப்பட்ட ‘கிறிஸ்துஸ்’ என்பவரின் கூட்டம் என்கிறார். அங்கே பிலாத்துவுக்கு அவர் கொடுத்திருக்கும் பட்டம் ‘புரோகுராட்டோர்’. யூதேயாவின் தேசாதிபதிக்கு அது கிளாடியஸ் சக்கரவர்த்தி காலத்திலிருந்துதான் வழக்கத்துக்கு வந்த பட்டம்! “பார்த்தீர்களா, ரோமானிய ஆவணத்தைப் பார்த்து எழுதவில்லை, கிறிஸ்தவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறார்” என்கிறது இயேசு கட்டுக்கதை என்னும் கட்சி. “இன்று கலெக்டர் என்கிறோம், அன்று வேறு பெயர், எழுதுகிறவன் தன் காலத்துச் சொல்லைப் போட்டால் செய்தி பொய்யாகிவிடுமா?” என்கிறது மறுகட்சி. இரண்டாவதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. முதல் கட்சியின் சந்தேகமும் அசட்டுச் சந்தேகம் அல்ல.

டாசிட்டஸின் அந்தப் பகுதிக்குப் பழைய மூலப்பிரதி எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று! 11-ஆம் நூற்றாண்டுப் பிரதி, இன்று ஃபுளோரன்ஸ் நகர நூலகத்தில் இருக்கிறது. அதில் ‘கிறிஸ்தவர்’ என்ற சொல்லில் ஓர் எழுத்து சுரண்டித் திருத்தப்பட்டிருக்கிறது. புற ஊதாக் கதிரில் பார்த்தால், முதலில் எழுதப்பட்டது ‘கிறெஸ்தவர்’! கிறெஸ்டுஸ் என்றால் ‘நல்லவன், உபயோகமானவன்’. அன்று அடிமைகளுக்கு வைக்கும் சாதாரணப் பெயர். ஒற்றை எகரத்தை வைத்து அறிஞர்கள் கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள்.

அடுத்த சாட்சி ஜோசிஃபஸ். யூதப் படைத் தளபதியாக ரோமை எதிர்த்துப் போரிட்டு, சரணடைந்து, ரோமிலேயே குடியேறி வரலாறு எழுதியவர். அவர் நூல்களில் இயேசு என்ற பெயருள்ளவர்கள் மட்டும் சுமார் இருபது பேர்! நம் ஊரில் முருகன், முத்து என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவது மாதிரி அன்றைய எருசலேமில் அந்தப் பெயர். கி.பி. 93 வாக்கில் அவர் முடித்த பெரிய நூலில் நம் இயேசு இரண்டு இடத்தில் வருகிறார். முதல் இடத்தில் இருக்கும் புகழ்ச்சியைப் படித்தால் எழுதியது யூதரா, உபதேசியாரா என்று சந்தேகம் வந்துவிடும்! கிறிஸ்தவப் பிரதி எழுத்தாளர்கள் கைவைத்திருக்கிறார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் அனேகமாக ஒத்த கருத்துதான். அடியில் ஜோசிஃபஸ் எழுதிய சில வரியாவது இருந்ததா, முழுக்கச் செருகலா என்பதில்தான் சண்டை. ஜோசிஃபஸ் இயேசுவைக் கிறிஸ்து என்று ஏற்கவில்லை என்று 3-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன் எழுதுகிறார். 4-ஆம் நூற்றாண்டில் திருச்சபை வரலாற்றாசிரியர் யுசேபியஸ் அந்தப் புகழ்ச்சிப் பகுதியையே எடுத்துக் காட்டுகிறார். ஒரிகன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊர் எது? செசரியா! யுசேபியஸ் பிஷப்பாக இருந்த ஊர்? அதே செசரியா! பிலாத்து கல் படிக்கட்டாகக் கிடந்த ஊர். இந்த ஊரை விட்டு நகரவே முடியவில்லை.

ஜோசிஃபஸின் இரண்டாவது இடம் ஒரு துணுக்கு. கி.பி. 62-ல் ஒரு தேசாதிபதி செத்து, அடுத்தவர் வந்து சேருவதற்குள் பிரதான ஆசாரியர் அன்னா அவசர அவசரமாக யாக்கோபு என்பவரைக் கல்லெறிந்து கொல்ல வைத்தார். எந்த யாக்கோபு? கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன். போகிறபோக்கில் ஓர் அடையாளம், அவ்வளவுதான்! புகழ்ச்சி இல்லை, அற்புதம் இல்லை. இந்த அலட்சியத்தில்தான் இதன் பலமே இருக்கிறது. செருகுகிறவன் இவ்வளவு சிக்கனமாகச் செருக மாட்டான். எதிர்க்கட்சி விடுமா? அதே பத்தியில் தம்னேயுவின் மகன் இயேசு என்று இன்னொருவர் வருகிறாரே, அவருடைய சகோதரன்தான் இந்த யாக்கோபு, ‘கிறிஸ்து எனப்பட்ட’ என்பது பின்னால் ஓரத்தில் எழுதப்பட்டு உள்ளே நழுவியது என்கிறார்கள்.

ஆனால் யாக்கோபு இன்னோர் இடத்திலும் எதிரே வந்து நிற்கிறார். கிறிஸ்தவத்தின் ஆகப் பழைய எழுத்து சுவிசேஷங்கள் அல்ல, பவுலின் கடிதங்கள், தெரியுமா? கி.பி. 50-களில் எழுதப்பட்டவை. கலாத்தியருக்கு எழுதும்போது பவுல் சத்தியம் பண்ணிச் சொல்கிறார்: எருசலேமுக்குப் போனேன், பேதுருவோடு 15 நாள் தங்கினேன், கர்த்தரின் சகோதரனாகிய யாக்கோபையும் பார்த்தேன். அந்த யாக்கோபுக்கும் பவுலுக்கும் பின்னால் உரசல் வேறு. கற்பனை ஆளுக்கு உடன்பிறந்தவன் எப்படி வந்தான்? ‘சகோதரன்’ என்பது சபைப் பட்டம் என்று பதில் வருகிறது. அப்படியானால் பேதுருவுக்கு மட்டும் அந்தப் பட்டம் ஏன் இல்லை? என்னைக் கேட்டால் இந்த வழக்கு முழுக்க இந்தப் பதினைந்து நாளில்தான் தொங்குகிறது.

இன்னோர் இயேசுவின் கதை கேட்டால் மயிர்க்கூச்செறியும்! அனனியாவின் மகன் இயேசு, ஒரு பட்டிக்காட்டு விவசாயி. கி.பி. 62 வாக்கில் ஒரு திருவிழாவுக்கு எருசலேம் வந்தவர், நகரத்துக்கு ஐயோ கேடு என்று கத்த ஆரம்பித்தார். யூதத் தலைவர்கள் பிடித்து ரோமானியத் தேசாதிபதியிடம் கொடுத்தார்கள். எலும்பு தெரியச் சாட்டையடி. கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை. பைத்தியம் என்று விட்டுவிட்டார்கள். ஏழு வருஷம் ஐந்து மாதம் கத்திக்கொண்டே திரிந்து, கடைசியில் ரோமானிய முற்றுகையில் எறிபொறிக் கல் பட்டுச் செத்தார். சொல்பவர் ஜோசிஃபஸ். சிலுவைக் கதையே இவரைப் பார்த்து எழுதியது என்பாரும் உண்டு. எருசலேமில் இப்படி நடப்பது சகஜம், நம் இயேசுவுக்கும் நடந்திருக்கும் என்பாரும் உண்டு. ஒரே ஆதாரம், இரண்டு கட்சிக்கும் சாட்சி!

நாசரேத் என்று ஊரே இல்லை என்று வாதிட்டவர்கள் உண்டு, தெரியுமா? பழைய ஏற்பாட்டில் அந்தப் பெயர் கிடையாது; ஜோசிஃபஸும் சொல்லவில்லை. 1962-ல் ஒரு பளிங்குத் துண்டு கிடைத்தது. ஆசாரியக் குடும்பங்கள் குடியேறிய ஊர்களின் பட்டியல், அதில் எபிரெய எழுத்தில் நாசரேத். எங்கே கிடைத்தது என்று சொல்லவும் வேண்டுமா? செசரியா! அது பிற்காலத்துக் கல்வெட்டு என்று இழுத்தவர்களுக்கு 2009-ல் பதில் வந்தது: நாசரேத்திலேயே இயேசு காலத்து வீடு ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். சுவர்கள், முற்றம், மழைநீர் பிடிக்கும் தொட்டி. எளிய குடும்பம் வாழ்ந்த இடம்.

கிறிஸ்துவே கிறிஸ்துவுக்கு முன் பிறந்தவர், தெரியுமா? ஏரோது ராஜா உயிரோடு இருக்கும்போது பிறந்தார் என்கிறார் மத்தேயு. ஏரோது செத்தது கி.மு. 4. டயோனிசியஸ் என்ற துறவி கி.பி. 525-ல் ஆண்டுக் கணக்கைப் போட்டபோது கொஞ்சம் தவறிவிட்டது. இங்கே லூக்கா வேறு குழப்புகிறார்: பிறப்பு சிரேனியு என்ற ரோமானிய ஆளுநரின் குடிமதிப்புச் சமயத்தில் என்கிறார். அந்தக் கணக்கெடுப்பு கி.பி. 6! இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்டப் பத்து வருஷம் பள்ளம். பிறப்புக் கதையை அப்படியே வரலாறாக எடுக்க முடியாது என்று பல அறிஞர்கள் சொல்வது இதனால்தான். அவர்களே, பிறப்புக் கதை ஆடினால் ஆளே இல்லை என்று ஆகாது என்றும் சொல்கிறார்கள்.

சிலுவைக்கு வருவோம். ஏரோது செத்தபின் நடந்த கலவரத்தில் மட்டும் ரோமானியர் 2,000 பேரைச் சிலுவையில் அறைந்ததாக ஜோசிஃபஸ் எழுதுகிறார். மொத்தம் எத்தனை ஆயிரமோ! அப்படிச் செத்தவர்களின் எலும்பு எத்தனை கிடைத்திருக்கிறது? விரல் விட்டு எண்ணிவிடலாம். 1968-ல் எருசலேமின் வடக்கே ஒரு கல்லறையில், எலும்புகள் வைத்த கல்பெட்டி ஒன்றில், ஒரு குதிகால் எலும்பு. அதன் குறுக்கே 11.5 சென்டிமீட்டர் இரும்பு ஆணி! பெட்டியில் பெயரும் கீறியிருந்தது: யெஹோஹனான். ஆணி அங்கேயே தங்கிய காரணம்தான் விசேஷம். அடித்தபோது மரத்தின் கணுவில் பட்டு நுனி கொக்கி மாதிரி மடங்கிவிட்டது போலிருக்கிறது. இறக்கியவர்களால் பிடுங்க முடியவில்லை. எலும்போடு சேர்த்தே அடக்கம் செய்துவிட்டார்கள். நேராக இறங்கியிருந்தால் பிடுங்கியிருப்பார்கள்; யெஹோஹனான் சிலுவையில் செத்தார் என்பது யாருக்கும் தெரிந்திராது. 2017-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் இன்னொரு குதிகால் எலும்பு, ஆணியோடு, கிடைத்தது. ஆயிரக்கணக்கில் நடந்த தண்டனைக்கு மிச்சம் இவ்வளவுதான் என்றால், கலிலேயாத் தச்சர் ஒருவருக்குத் தனியாக ரசீது கேட்பது கொஞ்சம் அதிகம்தான்.

இனி, இல்லை என்றவர்களின் கதை; அதுவும் சுவாரஸ்யத்தில் குறைந்ததல்ல. ஜெர்மானிய இறையியலாளர் புரூனோ பாவர் இந்தப் போக்கில் எழுதப்போய் 1842-ல் பல்கலைக்கழகப் போதனை உரிமையை இழந்தார். இளைஞர் கார்ல் மார்க்ஸுக்கு அவர் நண்பர். 1909-ல் ஆர்தர் ட்ரூஸ் என்ற தத்துவப் பேராசிரியர் கிறிஸ்து வெறும் புராணம் என்று புத்தகம் போட, 1910-ல் பெர்லினில் பகிரங்க விவாதம் நடந்தது. எங்கே தெரியுமா? மிருகக்காட்சிசாலை மண்டபத்தில்! ட்ரூஸ் நாத்திகர் அல்லர், புது ஆன்மிகம் தேடியவர். அதனாலேயே லெனின் 1922-ல் அவரைப் பிற்போக்குவாதி என்று திட்டினார். ஆனாலும் அப்படிப்பட்டவர்களோடு கூட்டு சேரலாம் என்றும் எழுதினார். பிறகு சோவியத் நாட்டில் ‘இயேசு வாழவே இல்லை’ என்பதுதான் பாடம்.

ரஷ்ய எழுத்தாளர் புல்ககோவின் ‘மாஸ்டரும் மார்கரிட்டாவும்’ நாவல் ஆரம்பிப்பதே இதில்தான்! இயேசுவைத் திட்டிப் பாட்டு எழுதிய கவிஞனை ஒரு பத்திராதிபர் கண்டிக்கிறார். திட்டியது தப்பில்லை, திட்டித் திட்டி அந்த ஆளுக்கு உயிர் கொடுத்துவிட்டாயே, இருந்ததே இல்லை என்றல்லவா எழுத வேண்டும் என்கிறார். பக்கத்து பெஞ்சில் வந்து உட்காரும் அந்நியர், இயேசு இருந்தார், நானே பார்த்தேன் என்கிறார். அவர் சாத்தான்! பத்திராதிபர் கொஞ்ச நேரத்தில் டிராமில் தலையை இழக்கிறார். எழுதியவர் 1940-ல் காலமானார். நாவல் மாஸ்கோவில் அச்சேறியது 1966-ல்.

மனம் மாறியவர்களும் உண்டு. லண்டனில் ஜெர்மன் இலக்கியப் பேராசிரியராக இருந்த ஜி.ஏ. வெல்ஸ், இயேசு வாழவில்லை என்று பல வருஷம் எழுதிவிட்டு, 1990-களில் கலிலேயாவில் ஒரு போதகர் இருந்திருப்பார் என்று இறங்கிவந்தார். எதிர்ப்பக்கத்தில் பார்ட் எர்மன்: கடவுள் நம்பிக்கையை விட்டுவிட்ட அமெரிக்கப் பேராசிரியர். அவரே 2012-ல் இயேசு வாழ்ந்தார் என்று ஒரு புத்தகம் முழுக்க வாதாடினார்! அற்புதங்களை ஒதுக்கிவிடுங்கள், யோவானிடம் ஞானஸ்நானம் பெற்று, பிலாத்து காலத்தில் சிலுவையில் அறையப்பட்ட ஒரு யூதப் போதகர் இருந்தார் என்பதில் இத்துறை அறிஞர்கள் பெரும்பாலோருக்குச் சந்தேகம் இல்லை. நம்புகிறவர், நம்பாதவர் இருவருமே இதில் சேர்த்தி. ஜான் அலெக்ரோ மாதிரி விதிவிலக்குகளை என்ன சொல்ல? சாக்கடல் சுருள்களை ஆராய்ந்த பெரிய அறிஞர் அவர். 1970-ல் இயேசு என்பது ஒரு போதைக் காளானின் ரகசியப் பெயர் என்று எழுதினார்! உத்தியோகமும் போயிற்று.

கணக்குப் போட்டும் பார்த்துவிட்டார்கள்! கட்டுக்கதைக் கட்சிக்காரரான ரிச்சர்ட் கேரியர் 2014-ல் நிகழ்தகவுக் கணக்கான பேயஸ் தேற்றத்தை வைத்து, இயேசு வாழ்ந்திருக்க வாய்ப்பு அதிகபட்சம் மூன்றில் ஒன்று என்றார். அதே தேற்றத்தை வைத்து ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் ஸ்வின்பர்ன், இயேசு உயிர்த்தெழுந்திருக்கவே 97 சதவீத வாய்ப்பு என்று 2003-ல் சொல்லியிருந்தார். தாமஸ் பேயஸ் யார் தெரியுமா? 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு சபைப் போதகர்!

இயேசுவின் கல்லறைகளுக்கும் குறைவில்லை. எருசலேமிலேயே இரண்டு காட்டுகிறார்கள். காஷ்மீரில் ஸ்ரீநகரில் ரோஸா பால் என்று ஒன்று. ஜப்பானில் ஷிங்கோ கிராமத்தில் ஒன்று. சிலுவையில் செத்தது தம்பி, இயேசு இங்கே வந்து விவசாயம் பார்த்தார் என்பது அவர்கள் கதை, வருஷாவருஷம் ஜூனில் திருவிழா வேறு!

நீதிமன்றம் மட்டும் சும்மா இருந்ததா? இத்தாலியில் விட்டெர்போ நகரம், 2006. இயேசு வாழ்ந்தார் என்று திருச்சபைத் தாளில் எழுதிய ஒரு பாதிரியார் மேல் வழக்கு. போட்டவர் அவரோடு குருமடத்தில் ஒன்றாகப் படித்தவர்! குற்றச்சாட்டுகள் இரண்டு: மக்களின் நம்பிக்கையை ஏமாற்றியது, அப்புறம் ஆள்மாறாட்டம். வேறொரு ஆளை இயேசுவாகக் காட்டிவிட்டார்களாம்! நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார்.

கடைசியாக ஒன்று. புதிய ஏற்பாட்டின் ஆகப் பழைய துண்டு என்று பலரும் சொல்வது எவ்வளவு பெரியது தெரியுமா? சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு அளவுதான்! 1920-ல் எகிப்தில் மற்றப் பாப்பிரஸ்களோடு மொத்தமாக வாங்கியது. இன்ன துண்டு என்று 1934-ல்தான் தெரிந்தது. இரண்டு பக்கமும் கிரேக்க எழுத்து. யோவான் சுவிசேஷம், 18-ஆம் அதிகாரம், பிலாத்து முன் விசாரணை. பின்பக்கத்தில் ‘உண்மை’ என்ற சொல் முக்கால்வாசி இருக்கிறது, கடைசி எழுத்துகள் இல்லை. அடுத்த வரியில் ‘அவரிடம் சொல்கிறான்’ என்பது வரை தெளிவாகப் படிக்கலாம். உண்மை என்றால் என்ன என்று பிலாத்து கேட்கும் இடம் அதற்கு அப்புறம்; அங்கே பாப்பிரஸ் கிழிந்துபோயிருக்கிறது. மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது.